முக்கால் வட்டிப் பாடம்

பாடத்திட்டம் போடக் கூடும் கூட்டங்களில் "இதைச் சேர்க்கலாம், அதையும் சேர்க்கலாம்" என்று சொல்ல ஆளுக்குப் பஞ்சமே வராது. ஒன்றை எடுத்துவிடலாம் என்று சொல்லிப் பாருங்கள், வந்த டீ ஆறிப்போகும். மதுரையில் நானும் இன்னும் இரண்டு ஆசிரியர்களும், வடக்கேயிருந்து மாற்றலில் வந்த வங்கி அதிகாரிகளுக்குப் பேச்சுத் தமிழ் சொல்லிக்கொடுத்து வருகிறோம். இந்த வருஷங்களில் நான் புதிதாகப் பாடம் எழுதியது கொஞ்சம்தான். எழுதியிருந்ததை அடித்ததும் முன்னே பின்னே நகர்த்தியதும்தான் அதிகம்.

வகுப்புக்குத் தேவை வந்த கதை இது. பொதுத்துறை வங்கிகளில் கிளார்க் வேலைக்கு மாநில வாரியாக ஆள் எடுப்பார்கள். உள்ளூர் மொழி தெரிந்திருக்க வேண்டும். அதிகாரி வேலைக்கு அந்தக் கட்டாயம் இல்லை, நாட்டில் எங்கே வேண்டுமானாலும் தூக்கிப் போடுவார்கள். 2011 முதல் பல வங்கிகளுக்கும் சேர்த்து ஒரே பொதுத் தேர்வு வந்த பிறகு, பாட்னாவிலும் ஜெய்ப்பூரிலும் கோச்சிங் படித்த பிள்ளைகள் உசிலம்பட்டியிலும் ஆண்டிபட்டியிலும் வந்து இறங்கினார்கள். சின்ன வயசு. வாடகைக்கு வீடு பிடிப்பதே அவர்களுக்குப் பெரும்பாடு. காலையில் கிளைக் கதவு திறக்கும்போதே முதியோர் உதவித் தொகை வாங்கவும் நகையைத் திருப்பவும் கூட்டம் நிற்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இந்தி, இந்தப் பக்கம் தமிழ். "தமிழ் தெரியாத ஆளை எதுக்குய்யா இங்க போட்டாங்க?" என்று வரிசையில் யாராவது சத்தம் போடுவார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பதில் சொல்ல வேண்டிய ஆள் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கவில்லை.

எங்கள் கையில் கொடுக்கப்பட்ட பழைய பாடப்புத்தகம் பள்ளிக்கூட முறையில் போடப்பட்டது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 என்று தொடங்கும். பிறகு திணை, பால், எண், இடம். பிறகு 'இது மரம், அது வீடு'. கடைசியில் ஒரு நீதிக்கதை. ழகரத்துக்குத் தனிப்பாடம் ஒன்று முதல் மாதத்திலேயே உண்டு. தமிழின் சிறப்பெழுத்து அல்லவா! வகுப்பு முழுக்க நாக்கை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இடைவேளையில் வெளியே போனால் டீக்கடைக்காரர் "வாளப்பளம் வேணுமா சார்?" என்பார். மதுரைப் பக்கத்துப் பேச்சில் ழ பெரும்பாலும் ள ஆகிவிடும். மதுரைக்காரரே விட்டுவிட்ட ஒலிக்காக ஒரு பீகார்ப் பையனின் வகுப்பு நேரத்தைக் காவு கொடுப்பானேன்? அதைப் பின்னால் தள்ளலாம் என்று நான் சொன்னதும், எங்கள் மூவரில் மூத்தவரான தமிழாசிரியர் கொஞ்ச நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

எதை அடிப்பது என்று தெரிய வேண்டுமானால் என்ன தேவை என்று தெரிய வேண்டும். ஒரு கிளையில் அனுமதி வாங்கிக் கவுண்டர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். பெயரோ கணக்கு விவரமோ நோட்டில் ஏறக் கூடாது, வாக்கியங்கள் மட்டும்தான் என்பது மேனேஜரோடு பேசிக்கொண்ட ஒப்பந்தம். "பணம் ஏறிருச்சான்னு பாருங்க." "புக்கு போட்டுக் குடுங்க." "வட்டிய மட்டும் கட்டிட்டு மாத்தி வைக்கணும்." "கையெழுத்து வராதுப்பா, கைநாட்டுத்தான்." "மெசேஜே வரல, பணத்த யாரு எடுத்தா?" வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால், கேட்பது, விசாரிப்பது, முறையிடுவது என்ற மூன்றுக்குள் அநேகமாக எல்லாம் அடங்கிவிட்டன. 'இது மரம்' வகையறாவில் ஒன்றுகூட இல்லை.

இன்னொன்றும் தெரிந்தது. வாடிக்கையாளர் அஞ்சாறு வாக்கியம் பேசினால் அதிகாரிக்குப் பதில் சொல்ல ஒரு வாக்கியம் போதும். "ஆதார் இருக்கா?" "இங்க ஒரு கையெழுத்து." "நாளைக்கு வாங்க." அப்படியானால் முதலில் பழக வேண்டியது காது. பேச்சுத் தமிழ் வகுப்பு என்ற பெயர்ப் பலகையை நாங்கள் மாற்றவில்லை. உள்ளே நடந்தது ஆரம்ப மாதங்களில் பெரும்பாலும் கேட்பதுதான். அந்த ஸ்டூல் வாக்கியங்களை வெவ்வேறு குரல்களில் பேசிப் பதிவு செய்து, அவர் என்ன கேட்கிறார் என்று இந்தியில் சொன்னால் போதும் என்று விட்டோம். வாயைத் திறக்கச் சொல்லி யாரையும் நெருக்கவில்லை. ஆச்சரியம், நெருக்காதபோதுதான் பலர் பேசத் தொடங்கினார்கள்.

பாடங்களின் தலைப்பையும் மாற்றினேன். ஐரோப்பிய கவுன்சில் 2001ல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோல், ஒவ்வொரு படியிலும் கற்பவரால் என்ன செய்ய முடியும் என்று எழுதிவைக்கிறது. அந்த ஊர்ப் படிகள் நமக்கு வேண்டாம், எழுதும் விதம் மட்டும் பிடித்திருந்தது. 'வேற்றுமை உருபுகள்' என்ற தலைப்பு போய், 'நகை யாருடையது, எப்போது வைத்தது, எப்போது திருப்பப் போகிறார் என்று கேட்டுப் புரிந்துகொள்ள முடியும்' என்று வந்தது. தலைப்பு நீண்டுவிட்டதே என்று தட்டச்சு செய்தவர் அலுத்துக்கொண்டார்.

எந்தத் தமிழைச் சொல்லிக்கொடுப்பது என்ற சண்டையோ எங்களைவிட மிகப் பழையது. 1706ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார் என்பார்கள். அவர் எழுதிய இலக்கணம் 1716ல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. வீரமாமுனிவர் இன்னும் தெளிவான ஆள். செந்தமிழுக்கு ஒன்று, மக்கள் பேசும் கொடுந்தமிழுக்கு ஒன்று என்று லத்தீனில் இரண்டு இலக்கணம் எழுதினார். கொடுந்தமிழ் இலக்கணம் 1738ல் அச்சில் வந்தது, அதுவும் தரங்கம்பாடி லுத்தரன் அச்சகத்தில். அந்தச் சபையோடு அவர் வாழ்நாளெல்லாம் மல்லுக்கு நின்றவர்! பாடப்புத்தகத் தேவை என்று வந்துவிட்டால் பகைகூட வழிவிடும் போலிருக்கிறது. நம் காலத்தில் ஆஷரும் இ. அண்ணாமலையும் சேர்ந்து எழுதி 2002ல் வந்த 'கலோக்கியல் தமிழ்' பேச்சுத் தமிழைத்தான் முதலில் வைக்கிறது. வீட்டில் யாரும் "நான் வருகின்றேன்" என்று சொல்வதில்லை என்ற உண்மையை ஒப்புக்கொண்ட புத்தகம்.

ஆனால் பேச்சுத் தமிழ் என்றால் எந்த ஊர்ப் பேச்சு? அதிகாரிக்கு இன்று உசிலம்பட்டி, மூன்று வருஷம் கழித்துத் திருவாரூரோ சேலமோ. வாய்க்கு ஒரு தமிழ், காதுக்கு ஒரு தமிழ் என்று பிரித்தோம். அவர் பேசுவது டிவியிலும் சினிமாவிலும் கேட்கிற பொதுப் பேச்சாக இருக்கட்டும். கேட்டுப் புரிந்துகொள்வதில் "அங்கிட்டுப் போயிட்டு வந்தேன்", "மேனேசரு வந்துருக்காகளா" எல்லாம் இருக்க வேண்டும். ஒரு ஜெய்ப்பூர்ப் பையன் 'அங்கிட்டு இங்கிட்டு' என்று தானும் பேசத் தொடங்கி, கிளை முழுவதும் அவனைக் கொண்டாடியது தனிக்கதை. நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை, டீக்கடை சொல்லிக்கொடுத்தது.

ஐரோப்பியருக்கென்று எழுதப்பட்ட தமிழ்ப் பாடநூல்களைப் புரட்டினால், "எனக்கு வேணும்" என்பதை விளக்கவே பக்கம் பக்கமாகச் செலவழித்திருப்பார்கள். வினை கடைசியில் வருவதும் உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவதும் அவர்களுக்குத் தலைகீழ். இந்திக்காரருக்கு இதெல்லாம் இனாம். அவர்களும் 'முஜே சாஹியே' என்று 'எனக்கு' போட்டுத்தான் கேட்கிறார்கள். 'முடிஞ்சிருச்சு' என்றால் 'ஹோ கயா', 'குடுத்துட்டேன்' என்றால் 'தே தியா'. ஒரு வினையின் வாலில் இன்னொரு வினை ஒட்டிக்கொண்டு காரியம் முடிந்ததைச் சொல்லும் ஏற்பாடு இரண்டு பக்கமும் இருக்கிறது. 'டீ கீ' என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, வகுப்பே 'சாய் வாய்!' என்று கத்தியது. நீலகிரியில் தோடர் மொழியை ஆராய்ந்த எமனோ, குடும்பம் வேறானாலும் இந்திய மொழிகள் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்தே பல பழக்கங்களைப் பொதுவாக்கிக்கொண்டன என்று 1956ல் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். அதைப் படித்தபோது அறிவாகப் பட்டது. வகுப்பில் அது நேரமாக மிச்சமானது. பழைய புத்தகத்தில் பல வாரம் தின்ற பாடங்களை ஒரே மத்தியானத்தில் முடித்தோம்.

மிச்சமான நேரத்தை விழுங்க இறந்தகாலம் காத்திருந்தது. வந்தேன், போனேன், வாங்கினேன், குடுத்தேன், போட்டேன், வெச்சேன்: ஒவ்வொன்றும் ஒரு தினுசு. பழைய இலக்கணக்காரர்கள் வினைகளை ஏழு வகையாகப் பிரித்து அட்டவணை போட்டார்கள். அட்டவணை உண்மைதான், ஆனால் நகையோடு ஆள் நிற்கும்போது அட்டவணையைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. வங்கியில் புழங்கும் கொஞ்சம் வினைகளை மட்டும் எடுத்து, வகை சொல்லாமல், வாய்ப்பாடு மாதிரி சொல்ல வைத்தோம். அதுவும் நிகழ்காலத்துக்கு முன்னாலேயே. பாடநூல்கள் எல்லாம் நிகழ்காலத்தில்தான் தொடங்கும். கவுண்டருக்கு வருகிறவர்களோ நடந்து முடிந்ததைச் சொல்லத்தான் வருகிறார்கள். போன மாசம் கட்டினேன், நேத்து எடுத்தேன், மகன் போட்டுவிட்டான்.

எழுத்து விஷயத்தில் இரண்டு முறை திசை மாறினோம். 247ஐ முதலில் வைப்பது வேண்டாம் என்று எடுத்தாயிற்று. அதற்குப் பதில் தமிழ் வாக்கியங்களைத் தேவநாகரியில் எழுதிக் கொடுத்தோம். பிள்ளைகளுக்கு ஏகக் கொண்டாட்டம், படபடவென்று படித்தார்கள். ஆனால் இந்தியில் எகர ஏகாரக் குறில் நெடில் வேறுபாடு கிடையாது, ஒகர ஓகாரமும் அப்படியே. தேவநாகரியில் எழுதினால் 'கொடு'வும் 'கோடு'ம் ஒன்றுபோலத்தான் இருக்கும். 'எடு'வும் 'ஏடு'ம் அப்படியே. கண் ஒன்றாகப் பார்த்தால் காதும் ஒன்றாகவே கேட்கிறது. அதனால் தமிழ் எழுத்தை முன்னே கொண்டுவந்தோம், வேறு வரிசையில். அ, ஆ கிடையாது. வங்கி, வட்டி, நகை, கடன், படிவம் என்று கிளையில் கண்ணில் படும் சொற்களிலிருந்து எழுத்து. கடனில் ஒரு க, நகையில் ஒரு க, வங்கியில் ஒரு க. மூன்றும் ஒரே எழுத்தா என்று ஒரு பெண் அதிகாரி வியந்து கேட்டார். அவர் மொழியில் ஒவ்வொன்றுக்கும் தனி எழுத்து. விதி சொல்லாமல், சொல்லோடு சேர்த்தே கேட்டுப் பழகுங்கள் என்றேன். அந்தக் குழுவில் ஒரே ஒரு தெலுங்குக்காரர் இருந்தார். குறில் நெடில் அவருக்குத் தாய்ப்பால், வகுப்பில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். அவரையே உதவி ஆசிரியராக்கி உட்காரவைத்தோம்.

மறுப்பது எப்படி என்ற பாடம் ஒரு ரகளையிலிருந்து வந்தது. கடன் கேட்டு வந்த பெரியவரிடம் ஓர் இளம் அதிகாரி, பழைய புத்தகத்து எதிர்மறை அட்டவணையை நினைவிலிருந்து எடுத்து, "குடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். பெரியவர், "ஒங்க அப்பன் வீட்டுப் பணமாடா?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். மேனேஜர் ஓடிவர வேண்டியதாயிற்று. பையன் இந்தியில் நினைத்தது 'நஹீ மிலேகா'; கடன் கிடைக்காது என்பது. அதில் அவன் ஆளாகவே இல்லை. தமிழில் அவன் எடுத்த வினை அவனையே மறுக்கிற ஆளாக்கிவிட்டது. அதற்குப் பிறகு கிடைக்காதுங்க, முடியாதுங்க, வராதுங்க, ரூல் இல்லீங்க என்று தனியாக ஒரு பாடம் எழுதினோம். ஒவ்வொரு மறுப்புக்குப் பின்னும் அடுத்து என்ன செய்யலாம் என்று ஒரு வாக்கியம் கட்டாயம்: "மேனேஜரைப் பாருங்கய்யா", "வி.ஏ.ஓ. கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வாங்கம்மா." அம்மா, ஐயா, அண்ணே எல்லாம் இந்தப் பாடத்திலேயே நுழைந்தன. யாரையும் பாட்டி என்று கூப்பிடாதீர்கள் என்பதை மட்டும் பலகையில் பெரிதாக எழுதிப்போட்டோம். அறுபது வயதுக்காரியை ஒரு பிள்ளை அப்படிக் கூப்பிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது பிரசித்தம்.

எனக்கு மிகப் பிடித்த பாடம் வட்டிப் பாடம். எண்கள் அவர்களுக்கு லேசு. இந்தியில் ஒன்றிலிருந்து நூறு வரை ஒவ்வொன்றும் தனிப்பெயர் மாதிரி. தமிழில் இருபது தெரிந்து மூன்று தெரிந்தால் இருபத்தி மூணு. தொண்ணூறு, தொள்ளாயிரம் மட்டும் முரண்டு பிடிக்கும். அவர்கள் ஊர் சவா, டேட், டாயிக்கு நம் ஒண்ணேகாலும் ஒண்ணரையும் ரெண்டரையும் கச்சிதமாகப் பொருந்தின. ஆகவே எண் பாடம் முடிந்தது என்று நிம்மதியாக இருந்தோம்.

அப்போது ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஒருநாள், நகைக்கடன் விசாரிக்க வந்த ஓர் அம்மாவிடம் அதிகாரி நல்ல தமிழில் "ஒன்பது வட்டிம்மா" என்றார். உச்சரிப்பு சுத்தம். அந்த அம்மா பையை இறுக்கிக்கொண்டு, "ஒம்போது வட்டியா! சேட்டுக் கடையிலயே ரெண்டு வட்டிதானப்பா" என்று கிளம்பிவிட்டார். ஊரில் ரெண்டு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய், வருஷத்துக்கு இருபத்து நான்கு. வங்கி சொல்வது வருஷக் கணக்கு. வருஷத்துக்கு ஒன்பது என்றால் மாதத்துக்கு முக்கால். "முக்கா வட்டிம்மா" என்றால் அந்த அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பார். எந்தப் பாடநூலிலும் இது இருக்க வழியில்லை, ஏனென்றால் இது இலக்கணத்திலும் இல்லை, வங்கிச் சுற்றறிக்கையிலும் இல்லை. வகுப்பில் ஒரு முழு மத்தியானம் வருஷ வட்டியை ஊர் வட்டியாக மாற்றுவதே பயிற்சி. ஆறு என்றால் அரை வட்டி, பன்னிரண்டு என்றால் ஒரு வட்டி. கணக்கில் புலிகளான பிள்ளைகள், குதூகலமாகச் செய்தார்கள். கூடவே "வருஷத்துக்குத்தான் ஒன்பது, மாசத்துக்கு முக்காதான்" என்று விளக்கிச் சொல்லவும் பழக்கினோம், ஏனென்றால் ரசீதில் ஒன்பது என்றுதான் இருக்கும், பிறகு ஏமாற்றினான் என்ற பேச்சு வரக் கூடாது.

நேரம்தான் எங்களுக்கு எப்போதும் பற்றாக்குறை. மைசூரில் 1969ல் தொடங்கிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தில் பிற மாநில ஆசிரியர்கள் பத்து மாதம் தங்கி, வேறு வேலை இல்லாமல், இன்னொரு இந்திய மொழி கற்கிறார்கள். எங்களுக்கு வாய்த்தது வங்கி விடுமுறை நாள். 2015 செப்டம்பரிலிருந்து இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகள் வங்கிகளுக்கு விடுமுறை. வகுப்பு அன்றுதான். இரண்டு வகுப்புக்கு நடுவில் இரண்டு வாரம், சில மாதங்களில் மூன்று. ஜெர்மானியரான எபிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, மறதி எப்படி முதலில் சரசரவென்றும் பிறகு மெதுவாகவும் இறங்குகிறது என்று 1885லேயே எழுதி வைத்தார். எங்கள் வகுப்பில் அதற்கு ஆராய்ச்சி தேவைப்படவில்லை, சனிக்கிழமை காலை முகங்களைப் பார்த்தாலே தெரியும். அதனால் முதல் மணி நேரத்தில் புதிது எதுவும் கிடையாது, பழையதைக் கேட்டு வாங்குவதுதான். நடுவில் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி: ஒரு கேள்வி அனுப்புவேன், பேசிப் பதில் அனுப்ப வேண்டும். சிலர் பேருந்திலிருந்து அனுப்புவார்கள், கண்டக்டர் விசிலோடு. ஒருவர் பதிலில் பின்னாலிருந்து அவர் வீட்டுக்கார அம்மா திருத்தும் குரலும் கேட்டது. அதற்கும் சேர்த்து மதிப்பெண் போட்டேன்.

தேர்வை மாற்றியதில்தான் நிர்வாகத்தோடு கொஞ்சம் உரசல். எழுத்துத் தேர்வு இருந்தால் ஃபைலில் வைக்கலாம். பேச்சுத் தேர்வை எப்படி வைப்பது என்றார்கள். கடைசியில் இரண்டும் என்று முடிவாயிற்று. பேச்சுத் தேர்வுக்கு நாங்கள் வாடிக்கையாளராக நடித்துப் பார்த்தோம், சரிப்படவில்லை. ஆசிரியர்களுக்கு ஒரு வியாதி உண்டு: எதிரே மாணவன் என்று தெரிந்தாலே வாய் தானாக மெதுவாகிவிடும், புத்தகச் சொல் வந்து ஒட்டிக்கொள்ளும். வகுப்பு நடந்த பயிற்சி மையத்தின் கேன்டீனில் வேலை பார்த்த அக்காவை அழைத்து உட்காரவைத்தோம். "நகைய வெச்சு மக கல்யாணத்துக்குப் பணம் வாங்கணும், அவ்வளவுதான் கதை, மத்ததெல்லாம் நீங்க பாத்துக்கங்க" என்றதும் அவர் ஆரம்பித்தார் பாருங்கள். மாப்பிள்ளை வீடு, சீர் வரிசை, மூத்தவளுக்குப் போட்ட சங்கிலி, குடிகாரத் தம்பி, நடுவில் எங்கோ ஒளிந்துகொண்டு எத்தனை பவுன் என்ற விவரம். யாருக்காகவும் வேகத்தைக் குறைக்கவில்லை. வெளியே வந்த பிள்ளைகள் வியர்த்திருந்தார்கள். யாருக்கு எத்தனை என்று அக்காவிடம் கேட்டால் எண்ணெல்லாம் சொல்ல மாட்டார். "இந்தத் தம்பிகிட்ட நான் நகைய நம்பிக் குடுப்பேன், அந்தத் தம்பிகிட்ட இன்னொருக்காக் கேட்டுக்குவேன்" என்பார். அதை எண்ணாக மாற்றி ஃபைலில் வைக்கும் வேலை எங்களுடையது.

இப்போது கைவசம் இருக்கும் திருத்தம் தொலைபேசிப் பாடம். முகம் தெரியாது, சைகை இல்லை, பின்னால் பஸ் ஸ்டாண்டு இரைச்சல். அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. ஏ.டி.எம். அட்டை எண்ணைக் கேட்டு ஏமாற்றும் கும்பல்களுக்குப் பயந்து, இந்தி வாடையோடு தமிழ் பேசும் குரல் வந்தாலே போனை வைத்துவிடச் சொல்லிப் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களைப் பழக்கி வைத்திருக்கிறார்கள். அதைத்தான் வங்கியும் போஸ்டர் அடித்து ஒட்டியிருக்கிறது. எங்கள் மாணவி ஒருத்தி ஆவணம் புதுப்பிக்க வேண்டிய ஒரு தாத்தாவை அழைத்து, மெனக்கெட்டு, தப்பில்லாத தமிழில் பேச, அவர் போலீஸைக் கூப்பிடுவேன் என்று மிரட்டிவிட்டு வைத்துவிட்டார். அவர் செய்தது முழுக்கச் சரி. அந்தப் பாடத்துக்கு நான் முதலில் யோசித்து வைத்திருந்த விசாரிப்பு வாக்கியங்கள் எல்லாம் போய், இப்போது மூன்றே வரிதான் இருக்கிறது: எந்தக் கிளையிலிருந்து பேசுகிறேன், போனில் எதுவும் சொல்ல வேண்டாம், பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு நேரில் வாங்கய்யா. நான்காவது வரியாகக் கிளை கிளார்க்கின் பெயரைச் சேர்க்கலாமா என்று மூத்த தமிழாசிரியர் கேட்டிருக்கிறார். ஊர்க்காரர் பெயர் காதில் விழுந்தால் நம்பிக்கை வரும் என்கிறார். அடுத்த நான்காவது சனிக்கிழமை சொல்லிப் பார்க்கப் போகிறோம்.